சூசை இடம் மாற்றிய இரண்டு வரிகள்

அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு: இன்று காலை என் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. பொதுமக்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

எனக்கு மட்டும் பிரிண்டர் ரிப்பன் மையின் வாடை மூக்கில் ஏறிவிட்டது...

எண்பதுகளின் கடைசி. காரைக்காலில் டிப்ளமோ கடைசி வருஷம். லேப் ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்றில் கீபோர்டு பிசுபிசுக்கும். மூடினால் நாங்கள் பிசுபிசுப்போம்.

நானும் என் வகுப்புத் தோழன் சூசையும் ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தோம். அதன் மையப் பகுதியான கெர்னலில் இரண்டு வேலைகள் மாறி மாறி ஓடும். ஒன்று எழுத்துகளை மெமரியில் வைத்துவிட்டு, 'தயார்' என்று கொடி காட்ட வேண்டும். மற்றது கொடியைப் பார்த்து, எழுத்துகளை எடுத்துத் திரையில் போட வேண்டும். பத்துத் தடவை ஒழுங்காக வரும். பதினோராவது தடவை பழைய குப்பை வந்து நிற்கும்.

மெட்ராஸ் கம்பெனி ஆள் ஒருவர் பார்க்க வருகிறார், ஒருவரை மட்டும் வேலைக்கு எடுப்பார் என்று சார் சொல்லியிருந்தார். இருவருக்கும் அந்த வேலை வேண்டும்.

குறும்புக்குக் கெர்னலுக்குள் ஒரு வரி சொருகினேன். ஒவ்வொரு தடவையும் மூலையிலிருக்கும் பிரிண்டர் 'டீ வேணும் சார்' என்று கரகரவென அடிக்கும். அடித்தது... கோளாறைக் காணோம்!

"எப்புடி? ஐயா கை வச்சா பக் ஓடிப்போயிடும்ல!"

சூசை சிரிக்கவில்லை. "ஓடலடா கிறுக்கா, ஒளிஞ்சிருக்கு. உன் பிரிண்டரு இழுக்குற நேரத்துல தப்பிச்சுக்குது. அந்த வரிய எடுத்துப் பாரு."

எடுத்தேன். குப்பை திரும்பி வந்தது.

மறுநாள் மெட்ராஸ்காரர் வருகிற நேரம். சூசை புரோகிராமை அடித்தெடுத்த பிரிண்ட் காகிதத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான்.

"டேய், சரக்க வைக்கிறதுக்கு முன்னாடியே கொடிய ஏத்தியிருக்கோம்! நடுவுல மத்தவன் புகுந்தா பழசத்தான அள்ளிட்டுப் போவான்? மாதா கோயில் திருவிழாவுலதான் கொடி மொதல்ல. இங்க கடைசிலடா!"

அந்த வரிகளை எழுதியவனும் அவனேதான். வருஷா வருஷம் முதல் நாளே கொடி ஏறுவதைப் பார்த்து வளர்ந்த கை.

இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றினான். அவ்வளவுதான். எத்தனை தடவை ஓட்டினாலும் சுத்தம்.

இப்போது ஒரே சிப்புக்குள் எட்டு மூளை. வரிசையைக் காக்கவே தனிக் கட்டளைகள். கொஞ்சம் பிசகினாலும் டூல் சிவப்பில் காட்டிக்கொடுக்கிறது. எல்லாம் இருக்கிறது... பக்கத்தில் உட்கார்ந்து "டேய் கிறுக்கா" என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.

சூசை அந்த வருஷமே பிரான்சிலிருந்த மாமாவிடம் போய்விட்டான். அவன் கடிதம் போடவில்லை. நானும்.

"பத்தொம்பது வயசுலயே கெர்னல் பக் புடிச்சவன்டா நான்" என்று உங்களிடமெல்லாம் எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன். உண்மை இதுதான்...

எல்லாம் சரியாக ஓடியதும் மெட்ராஸ்காரர் கேட்டார், "இத யாருப்பா சரி பண்ணது?"

சூசை கூச்சத்தோடு எழுந்து நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.