சீமை டின்னும் பட்டாசுக்கடைப் பொட்டலமும்

போன வாரம் சிராங்கூன் ரோட்டில் ஒரு கல்யாணம். படம் பிடிக்க வந்தவர் பல்பைத் தட்டினார். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். சத்தமில்லை, புகையில்லை, நாற்றமுமில்லை. நான் மட்டும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் பாதி குனிந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

பழக்கதோஷம். பல்பு வராத காலத்தில் படம் பிடித்துப் பிழைத்தவன் நான். நானும் நாகூர்க்காரர் காதரும் சேர்ந்து இதே ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தோம். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடியில் ஓர் அறை, கீழே மாட்டுத் தொழுவம். முதுகுக்குப் பின்னால் தாஜ்மகால் திரை, மூக்கில் சாணி வாசம்.

இருட்டான வீடுகளில் தகரத் தட்டில் வெளிச்சத் தூளைக் கொட்டிக் கொளுத்தி, அந்த மின்னலில்தான் படம் எடுப்போம். வெள்ளைக்காரர் கடையில் விற்ற சீமை டின்னுக்கு விலை கேட்டாலே கண் கூசும். சீனர் பட்டாசுக்கடையில் கலந்து மடித்துத் தரும் பொட்டலம் மலிவு. காதருக்கு டின் மேல் அப்படியொரு பக்தி.

"பொட்டலம் வெடிச்சா யாருப்பா பதில் சொல்றது?" என்பார்.

"டின்னு வாங்கினா யாரு சோறு போடறது?" என்பேன்.

ஒரு மழை நாளில் பால்காரர் முத்தையா வந்து நின்றார். அவர் மனைவி பொன்னம்மா. பொன்னம்மாவின் அக்கா மறுநாள் கப்பலில் ஒரேயடியாக நாகப்பட்டினம் போகிறாராம்.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும். இனிமே பாத்துக்குவாங்களோ என்னமோ."

அவர் வீட்டுக்குப் போனால், கூடத்தில் இரண்டு நாற்காலி. நடுவில் இன்னொருவர் உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. பொன்னம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "என்னைத் தனியா விட்டுட்டுப் போறவளோட எனக்கென்ன படம்?" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காதர் டின்னைத் திறந்து, தூளைத் தட்டில் பரப்பி, திரியைக் கொளுத்தினார். புஸ்ஸென்றது, அணைந்தது. மறுபடியும் அதே புஸ். கடல்காற்றில் முழு டின்னும் நமத்துப் போயிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன்.

"கொஞ்சமாப் போடு."

கொஞ்சம் என்பது எவ்வளவு என்று எனக்கு அன்று தெரியாது. தூள் சர்ரென்று சீறிப் பொறி கக்கியதுமே பொன்னம்மா, "அக்கா!" என்று பாய்ந்து கட்டிக்கொண்டார். அப்புறம்தான் வெடித்தது.

கூடமே புகை. என் வலது புருவத்தைக் காணோம். காதரின் தொப்பியெல்லாம் சாம்பல்.

"அக்கா, ஒனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கென்ன? ஒம் மூஞ்சியப் பாருடி, அடுப்புல விழுந்த பூனையாட்டம்!"

சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அழுதார்கள்.

தகட்டைக் கழுவிப் பார்த்தால் கன்னத்தோடு கன்னம், நான்கு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. காதர், "இதைக் குடுக்க முடியாது, வேற எடுப்போம்" என்றார். பொன்னம்மா விடவில்லை. "இதுதான் வேணும்!" காலையில் ஒரு பிரதி அக்காவின் மடியில் கப்பலேறியது. இன்னொன்றைப் பொன்னம்மா கூடத்தில் மாட்டிக்கொண்டார்.

தொழுவமும் மாடுகளும் போயின. காதரும் நாகூருக்கே திரும்பிப் போய்விட்டார். அன்று அந்தச் சத்தத்துக்கு வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் மழையில் ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்து, உட்கார்ந்து காப்பி குடித்து, அக்காவிடம் விடைபெற்றுக்கொண்டுதான் போனார்கள். இப்போது அடுத்த வீட்டில் கல்யாணப் படம் எடுத்தால்கூட நமக்குத் தெரிவதில்லை.