குளிர்காலப் பியரும் அருமைராசாவின் நேர்த்தியும்

பிரெஞ்சு பேசும் ஒரு குளிர்நாட்டில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில், பழைய களஞ்சியம் ஒன்றின் பின்பாதியில் இருந்த சின்னப் பியர் ஆலையில் அருமைராசா ஏழு வருடங்களாக வேலை செய்தார். மோல்ற் மூடைகளை உடைத்து அரைக்கும் இயந்திரத்தில் கொட்டுவதும், காய்ச்சி முடிந்தபின் அடியில் தங்கும் சக்கையை வாரி வெளியே போடுவதும் அவருடைய வேலை. மோல்ற் என்பது முளைக்கவிட்டு வறுத்த பார்லி. அதன் தூள் அவருடைய புருவத்திலும் சட்டைக் கொலரிலும் எப்போதும் படிந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவரைப் பேக்கரியில் வேலை செய்கிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் நினைக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. கோடை முடிகிற சமயம், குளிர்காலத்துக்கென்று தனியாக ஒரு பியர் காய்ச்சுவார்கள். மற்றப் பியருக்குப் போடுவதைவிட இரண்டு மடங்கு மோல்ற் போட்டு, கறுக்க வறுத்ததையும் கலந்து, தொட்டியில் நெடுநாள் கிடக்கவிடுவார்கள். பனி கொட்டத் தொடங்கியதும் திறப்பார்கள். போத்தலில் அடைக்குமுன் முதலாளி டெனி முதல் நிலம் கழுவுகிறவர் வரை எல்லோரும் ஒன்றாக நின்று, சின்னக் கிளாஸில் சுவை பார்க்க வேண்டும்.

அருமைராசா கிளாஸை வாங்குவார். மூக்கருகே பிடித்து நன்றாக மணப்பார். பிறகு பக்கத்தில் நிற்கும் றெனோல்டிடம் கொடுத்துவிடுவார். றெனோல்ட் மன்னார்ப் பெடியன், அவருக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவன்.

"அண்ணை, நேர்த்தி வைச்சது நீங்கள், வெறி எனக்கு" என்பான்.

அந்த நேர்த்திக்கடன் ஊரில் மடு மாதா கோவிலில் வைத்தது. நாட்டை விட்டு வெளிக்கிடுவதற்கு முன்னர் மனைவி அக்னெஸோடு போய் முழங்காலில் நின்று, அவள் வந்து தன்னோடு சேரும்வரை மதுவைத் தொடுவதில்லை என்று சொன்னார். அவர் பெரிய குடிகாரர் அல்லர். சம்பள நாளில் இரண்டு போத்தல் பியர், அவ்வளவுதான். அக்னெஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விடுறதுக்கு உங்களுக்கு வேறையொண்டும் கிடைக்கேல்லையோ? மாதா எப்பிடி இதை ஒரு பெரிய விசயமா எடுப்பா?"

"எடுப்பா. எனக்கு விருப்பமானது அதுதானே."

முதல் வருடமே றெனோல்ட் இதைத் தன் அரைகுறைப் பிரெஞ்சில் ஆலை முழுக்கச் சொல்லிவிட்டான். அதன்பின் அவரை ஒருவரும் வற்புறுத்தவில்லை. லேபல் ஒட்டுகிற மனோன் மட்டும் ஒவ்வொரு குளிர்காலமும், அக்னெஸைக் குறித்து, "மதாம் எப்போது வருகிறார்?" என்று கேட்பாள். அவர் வாயிற்கதவைக் காட்டி, கூடிய சீக்கிரம் என்பதுபோலத் தலையாட்டுவார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அக்னெஸுக்கு விசா வந்தது. அவர் பொரித்த மீனும் பேக்கரிப் பாணும் கொண்டுவந்து எல்லோருக்கும் பகிர்ந்தார். மனோன் அவரைக் கடைக்குக் கூட்டிப்போய், அக்னெஸுக்கென்று கத்தரிப்பூ நிறத்தில் குளிர்ச்சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தாள். டெனி முதுகில் தட்டி, இந்த வருடம் நீ குடிக்கிறாய் என்றார். அதை மட்டும் அருமைராசா மொழிபெயர்ப்பில்லாமலே விளங்கிக்கொண்டார்.

பியர் திறக்கிற வாரத்தில்தான் அக்னெஸ் போனில் சொன்னாள்.

"கோவிக்காதேங்கோ. நான் வரேல்லை."

மகள் றொஷினியின் குழந்தை இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தது. அது அம்மம்மாவின் கையைத் தவிர வேறு கையில் சாப்பிடாதாம்.

"அங்கை வந்து நான் என்ன செய்யிறது? நீங்கள் வேலைக்குப் போவியள். நான் யன்னலாலை பனியைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? இப்ப இஞ்சை சண்டை நிண்டு பாதையெல்லாம் திறந்து கிடக்கு. நீங்கள் வாங்கோவன்."

"பாப்பம்" என்றார் அருமைராசா.

அந்தப் 'பாப்பம்' எப்படிப்பட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மருமகனின் வீட்டில் ஒரு மூலையில் போய் உட்கார அவருக்கு மனமில்லை. அவளுக்கும் அது தெரியும். பிறகு அவள் குளிர் எப்படி என்று கேட்டாள். அவர் பரவாயில்லை என்றார்.

இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பியர் திறக்கிற அன்று எல்லோரும் தொட்டியடியில் கூடினார்கள். டெனி குழாயைத் திறந்தார். பியர் கடும் கோப்பியின் நிறத்தில், தடிப்பாக இறங்கியது. அருமைராசா தன் கிளாஸை வாங்கி மணந்தார். றெனோல்ட் பழக்கத்தில் கையை நீட்டினான்.

அவருடைய கை அசையவில்லை. கொடுத்துவிட்டால், நான் இன்னும் அவளுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று மாதாவுக்குச் சொன்னதாகும். அது பொய். குடித்தால், அக்னெஸ் இனி வரவேமாட்டாள் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். மற்றவர்கள் குடித்து முடித்துவிட்டார்கள். அவர் நின்ற நிலையில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

காய்ச்சிய சீனிப்பாணியின் இனிப்பு முதலில் வந்தது. அதன் பின்னால் கருகிய பாண் கரை. பிறகு ஒரு கசப்பு நாக்கின் அடியில் போய்த் தங்கியது. நெஞ்சுக்குள் சூடு இறங்கியது. ஏழு வருடம் மூக்கால் அறிந்துவைத்திருந்த பியர் இது அல்ல. மணத்தில் இந்தக் கசப்பு இருந்ததில்லை.

நிமிர்ந்தபோது ஆலை முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. மனோன் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "மதாம் வந்துவிட்டார்! மதாம் வந்துவிட்டார்!" என்று டெனி கத்தினார். யாரோ மேசையில் தட்டித் தாளம் போட்டார்கள்.

"எப்ப வந்தவ அண்ணை?" றெனோல்ட் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினான். "கள்ளன்! ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. எயார்போட்டுக்கு நான் காரோடை வந்திருப்பனெல்லோ?"

"அவ வரேல்லையடா."

"பேந்தேன் குடிச்சனியள்? மாதாவுக்கெல்லோ..."

"இனி வரமாட்டா. மாதாவுக்கு அது தெரியும். உனக்குத்தான் இப்ப சொல்லுறன்."

றெனோல்டின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. டெனி இருவரையும் பார்த்து, என்ன சொல்கிறார் என்று றெனோல்டிடம் கேட்டார். அவன் மனோனைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

"பியர் நல்லாயிருக்காம்" என்று பிரெஞ்சில் சொன்னான்.

டெனிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பியர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு நேராக அருமைராசாவிடம் வந்தார். அருமைராசா கிளாஸை நீட்டினார்.