தொள்ளாயிரம் வராத வரிசை

பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கி, சொந்த வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றேன். அதனால்தான் தலையில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கரையான்சாவடி ஸ்கேன் சென்டரில் குழாய்க்குள் தள்ளியதும் பயம் பிடித்துக்கொண்டது. "ஆடாம படுத்துகினு இருங்கம்மா" என்றது ஸ்பீக்கரில் ஒரு குரல். ஆடவா முடியும், அந்தப் பொந்துக்குள்?

பயந்தால் நான் எண்ணுவேன். யூனிஃபார்ம் தைக்கும் ஃபேக்டரியில் பட்டன் எண்ணிய பழக்கம். பாக்கெட்டுக்கு நூற்று இருபத்தைந்து. இருநூற்று ஐம்பது, முந்நூற்று எழுபத்தைந்து, ஐந்நூறு என்று ஒரு மெட்டில் போய் எட்டாவது பாக்கெட்டில் ஆயிரம். எங்களில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அந்த இடத்தில் ஆயிரம் என்று சொல்லாமல் "ஸ்தோத்திரம்" என்போம். பிறகு அதே மெட்டு முதலிலிருந்து திரும்பும். தப்பினால் காதே சொல்லிவிடும்.

மெஷின் தடதடவென்று இடித்தது. எண்ணிக்கொண்டே போனேன். ஸ்தோத்திரம் வரவேண்டிய இடத்தில் என் வாயில் தொள்ளாயிரம் வந்தது. அந்த வரிசையில் தொள்ளாயிரம் எந்தக் காலத்திலும் வராது.

ரிப்போர்ட் நாளைக்குத்தானாம். திரும்பும்போது ஆட்டோவில் மறுபடி ஆரம்பித்தேன். "இன்னாம்மா முணுமுணுக்கிற?" என்றாள் பக்கத்தில் இருந்த மகள். எண்ணூற்று எழுபத்தைந்து வரை சரியாக வந்திருந்தேன். அடுத்ததைச் சொல்லிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.