பத்திஸ்தாவுக்குப் பெண் கேட்கப் போன நாள்

பத்திஸ்தா போய்விட்டார் என்று ரோசா தொலைபேசியில் சொன்னபோது, நான் டோர்ட்மண்டில் எங்கள் தோட்டத்து வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"காலமை கோப்பி குடிச்சார். கோப்பி சரியில்லை எண்டு என்னை ஏசினார். பிறகு கதிரையிலயே கண்ணை மூடிட்டார்" என்றார். அவர் பேசியது ஜெர்மன். எனக்கு அது எங்கள் பேச்சில்தான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். எந்த மொழியில் ஏசினார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் வந்துபோன தமிழருக்கு அவரைத் தெரிந்திருக்கும். உருக்காலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற இத்தாலியர், எங்களுக்கு அடுத்த தோட்டத்துக்காரர். வேலிக்கு மேலால் எங்கள் மிளகாயைப் பார்த்து, "இதையும் மனுசர் தின்னுறவையோ?" என்று ஒவ்வொரு கோடையும் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு கைப்பிடி பிடுங்கிக்கொண்டு போவார்.

அவருடைய தாய்மொழி இத்தாலியன் அல்ல. லிகூரிய மலைகளில் ஒரு சில ஊர்களில் மட்டும் பேசப்படும் பிரிகாஸ்கு என்ற சிறிய மொழி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாட்டெல்லையை மாற்றியபோது அந்த ஊர்களில் சில பிரான்சுக்குப் போயின, சில இத்தாலியிலேயே நின்றன. மேய்ச்சல் நிலம் இரண்டு பக்கமும் கிடந்தது. "கோட்டைக் கீறினவை மனுசருக்குத்தான் சொன்னவை. ஆடுகளுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை" என்பார்.

டோர்ட்மண்டில் அந்த மொழி பேச அவருக்கு ஒருவரும் இல்லை. ஒருநாள் எசன் ரயில் நிலையத்தில் ஒரு பெண் தன் நாயை அதே மொழியில் திட்டுவதைக் கேட்டிருக்கிறார். நாய்க்காக இவர் பதில் சொன்னார். அந்தப் பெண்தான் ரோசா. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சில் பிறந்தவர். எசன்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்து, அவரை இழந்து தனியாக இருந்தார். இவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு இத்தாலியன் தெரியாது. அதன் பிறகு ஞாயிறுதோறும் பத்திஸ்தா எசனுக்குப் போனார். புதிய தொப்பியும் வாங்கினார்.

"கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அவ மாட்டன் எண்டால்? ஞாயிற்றுக்கிழமையும் போயிடும். பிறகு நான் ஆரோட கதைக்கிறது?"

எங்களில் மாப்பிள்ளை நேரில் போய்க் கேட்பதில்லை என்று சொன்னேன். வேறு ஆட்கள் போவார்கள். மறுத்தால் அது போன ஆட்களோடு முடிந்துவிடும். மற்ற இருவரும் ஒன்றும் நடக்காததுபோல முகம் பார்க்கலாம். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப நீ போ. ஆனா ஜெர்மனில கேக்காதை. அது ஆலையில எங்களை வேலை வாங்கின போர்மனோட கதைச்ச மொழி."

அவருடைய சமையலறையில் என் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தேன். அவர் இருமினார், தொப்பியைக் கழற்றினார், பேசினார். நான் நிருபன். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோவது என் தொழில். ஒரு கிழமை ரயிலில் போகும்போதும் வரும்போதும் கேட்டுக் கேட்டு, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதுவரை மனப்பாடம் செய்தேன்.

"வெறுங்கையோட பொம்பிளை கேக்கப் போறதோ? நல்ல ஆள் நீங்கள்" என்று என் மனைவி தட்டில் வாழைப்பழமும் மாம்பழமும் பூவும் அடுக்கிக்கொண்டு கூட வந்தார். ரோசா எங்களை மதம் பரப்ப வந்த ஏதோ சபைக்காரர் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தார். வாசலில் நின்றே நான் ஒப்புவித்தேன்.

அவர் முகம் முதலில் அப்படியே நின்றது. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை.

"என்னப்பா சொன்னனீங்கள்?" என்று மனைவி என் கையைக் கிள்ளினார்.

ரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். நான் கேட்டது இதுதான்: "ரோசா, மிச்சக் காலம் முழுக்க என்னோட சண்டை பிடிப்பியோ? அந்தப் பெட்டியை நிப்பாட்டு, சூப் பொங்குது." இரண்டாவது வாக்கியம், பேசிய வேகத்தில் அதே மொழியில் பத்திஸ்தா எனக்குச் சொன்னது. கருவி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதையும் பாடமாக்கியிருந்தேன்.

"சூப்பைக் கேட்ட பிறகுதான் இது அந்த மனுசன்தான் எண்டு நம்பினனான்" என்றார் ரோசா. "அடுப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ. வாறன்."

அவர் வந்தார். சொன்னபடி சண்டையும் பிடித்தார்கள். நல்ல ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி எல்லைக்கு எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதில் தொடங்கி, வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும்படி, அந்த மொழியிலேயே. ஒரு சொல்லும் விளங்காமல் நாங்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்தோம்.

போன கிழமை அடக்கம் நடந்தது. பாதிரியார் ஜெர்மனில் பேசி முடித்த பிறகு ரோசா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அதை ஒருக்காச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். முதல் வாக்கியத்தோடு நிறுத்தினேன்.

"சூப்பையும்" என்றார்.

சூப்பையும் சொன்னேன். அவர் குழியைப் பார்த்து அதே மொழியில் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தார். என்னவென்று கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்துக் கேட்டேன். "அடுப்பைக் குறைச்சு வை, நான் ஆறுதலா வாறன் எண்டனான்."

அந்த மொழியில் எனக்கு இரண்டு வாக்கியங்கள்தான் தெரியும். இரண்டையும் பத்திஸ்தாவின் குரல் ஏறி இறங்கும் அதே இடங்களில், அந்த இருமலோடு, என்னால் இன்றும் சொல்ல முடியும். ரோசா எசனுக்கே திரும்பிப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ச் சொல்வதாக இருக்கிறேன்.