மாதாவுக்குக் கட்டிய கதர்

மாதா பிறந்தநாள் திருவிழா முடிந்த மறுநாள் விடியலில் சாலமோன் பென்னலூரை விட்டுப் போனான். அது 1921 செப்டம்பர். ராட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். வாசலில் நின்ற அக்கா லூர்தம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலில் மாதா சொரூபத்துக்கு உடை உடுத்துவது அவர்கள் வீட்டுப் பெண்களின் உரிமை. வேறு யாரும் தொடமாட்டார்கள். வருடந்தோறும் சீமையிலிருந்து வந்த பளபளப்பான நீலத் துணிதான். அந்த வருடமோ ஊர் ஊராக அந்நியத் துணியைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்துக்குப் போன சாலமோன், உடுத்தியிருந்த சீமை மில் வேட்டியையே நெருப்பில் போட்டுவிட்டு இரவல் துண்டோடு வீடு வந்தவன்.

திருவிழாவன்று ஒரு கதர்த் துணியைக் கொண்டுவந்தான். "வெள்ளக்காரன் துணிய சுத்திக்கினு நம்ம மாதா தெருவுல வரணுமாக்கா? இது நானே நூத்தது. இத்த கட்டு."

லூர்தம்மாளுக்கும் அந்த வேகம் தொற்றியிருந்தது. ஆசையாகவே கட்டினாள். சப்பரம் முதல் தெருவில் திரும்பியதும் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். கரையில்லாத வெள்ளைத் துணி. தாலி அறுத்தவள் கட்டுகிற துணி. தேசத்தை நினைத்த அக்காவுக்கும் தம்பிக்கும் இது தோன்றவேயில்லை.

"அடிப்பாவி, மாதாவையே முண்டச்சி ஆக்கிட்டியேடி" என்றாள் பக்கத்து வீட்டு ஞானம்மா.

கோயிலை நடத்திவந்த உபதேசியார் சப்பரத்தை நிறுத்தினார். "இனிமே நீ சொரூபத்த தொடக்கூடாது" என்றார். லூர்தம்மாள் பிள்ளைத்தாய்ச்சி. சாபம் வயிற்றில் விழுமோ என்று நடுங்கிப்போனாள். துணியை உருவித் தம்பியின் காலடியில் எறிந்தாள். "எல்லாம் இவன் வேல. எனுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

பழியைச் சாலமோன் தன்மேல் ஏற்றுக்கொண்டான். உரிமை அவளுக்கே திரும்பியது. ஊர் அவனைத்தான் விலக்கியது.

மிதிபட்ட அந்தத் துணியை அவள்தான் எடுத்து வெளுத்து வைத்தாள். அடுத்த வருடத்திலிருந்து முதலில் அதைக் கட்டி, அதன்மேல்தான் நீலத்தை உடுத்தினாள். யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய ஒருவனுக்கும் தெரியாது.

சுதந்திரம் வந்தது. கதர் இல்லாமல் மேடை ஏற முடியாத காலமும் வந்தது. உபதேசியாரின் மகன் மைக்கேல்ராஜே கதரில் வந்து நின்றான். "தம்பி எங்க கீறாரு அத்தே? கொடியேத்தக் கூப்புடலாம். நம்மூருக்கும் ஒரு தியாகி வேணாமா?"

"தொரத்தி வுட்டப்ப தெரியலியா?" என்று நாக்கு நுனிவரை வந்தது. முதலில் துரத்தியது யார் என்பது நினைவுக்கு வர, அடங்கிப்போனாள். சாலமோனை வேலூர் ஜெயிலில் பார்த்ததாக யாரோ ஒருமுறை சொன்னதோடு சரி. பக்கத்துத் தண்டலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள். வந்தால் கோயிலுக்கு அழைத்துப்போய் அந்த நீலத்தைச் சற்றே விலக்கிக் காட்டவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

1958 திருவிழாவுக்கு அவள் சொரூபத்துக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது, கோயில் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். பெயர் பரசுராமன். ஹூப்ளிப் பக்கம் சாலமோனோடு தறி நெய்தவராம்.

"போன கோடையில போயிட்டாரும்மா. ஒங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாரு."

லூர்தம்மாளின் கை நீலத் துணியில் நின்றது. "இன்னா சொன்னான்?"

"'வெள்ளையா குடுத்தது என் தப்பு. ஒரு தரம் நீலச் சாயத்துல முக்கிக் குடுத்திருந்தா அக்கா ஊருக்குப் பயந்திருக்க வேணாம்'னாரு."