பத்தாவது டிராக்டர்

"இலக்கு இல்லாத மனுஷன் மதகு இல்லாத வாய்க்கால்" என்றார் எங்கள் மேலாளர். சென்னையிலிருந்து வருகிறவர், தஞ்சாவூருக்கு ஏற்ற உவமையை ரயிலிலேயே தயார் செய்திருப்பார். ஓர் ஓட்டல் மாடியில் எங்களை உட்கார வைத்து, அவரவர் விற்பனை இலக்கைத் தாளில் எழுதிச் சவரக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். நான் பொருளாதாரத்தில் முதுகலை படித்தவன். ஆகவே கேள்வி கேட்காமல் எழுதினேன்: ஜூன் முடிவதற்குள் பத்து டிராக்டர். எங்கள் கம்பெனிக்கு ஆண்டு ஜூனில் முடியும். அன்றிலிருந்து காலையில் என் முகத்தைவிட அந்தப் பத்தைத்தான் அதிகம் பார்த்தேன். முகம் என்னவாகிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

டிராக்டர் விற்க அது நல்ல காலம். ஆட்சி மாறியிருந்தது. விவசாயத் தொழிலாளர் கூலிக்குச் சட்டமும் வந்திருந்தது. ஆனால் மேட்டூர்த் தண்ணீரைப்போல அதுவும் கடைமடைக்கு மெதுவாகத்தான் வரும். கீழத்தஞ்சையில் ஊருக்கு ஊர் சிவப்புக் கொடி ஏறியது, மிராசுதார்களுக்குத் தூக்கம் போனது. அடுத்தவன் தூக்கம் போவதுதான் விற்பனையாளனுக்கு முதல். அதற்காக நான் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: "டிராக்டர் கொடி பிடிக்காதுங்க, கூலி கூடக் கேக்காதுங்க." ஒன்பது வண்டிகளை அந்த வாக்கியம்தான் விற்றது. டீசல் எவ்வளவு குடிக்கும் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

பத்தாவதற்கு நன்னிலம் பக்கத்தில் ஒரு மிராசுதாரைப் பிடித்தேன். ஒரு படி நெல் கூலி கூடுதலாகக் கேட்டு அவருடைய ஆட்கள் வேலைக்கு வராமல் இருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவைக்கு உழ வேண்டும்.

"நாளைக்குக் கூப்பிட்டுப் பேசிடலாம்னு இருக்கேன் தம்பி" என்றார் அவர். "ஒரு படிதானே? குடுத்துத் தொலைச்சா உழவு நடக்கும்."

நாகரிகமான மனிதன் என்றால், கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "நல்லதுங்க" என்று எழுந்திருப்பான். எனக்குக் கண்ணாடியிலிருந்த பத்து தெரிந்தது.

"இந்த வருஷம் ஒரு படிங்க. அடுத்த வருஷம்?" என்றேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "வண்டி எப்ப வரும்?" என்றார்.

கொடுக்க இருந்த மனிதர். அந்தப் படியைத் தட்டிவிட்டது நான்தான்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லவில்லை. சேற்றில் உழ ரப்பர்ச் சக்கரம் ஆகாது, இரும்புச் சக்கரம் வேண்டும். அது எங்கள் கிடங்குக்கு ஜூலையில்தான் வரும். ஜூலையில் விற்றாலும் அதே டிராக்டர்தான். என் பத்தில் மட்டும் சேராது.

உழுது பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. ஜூன் கடைசியில் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை வயலில் இறக்கினோம். எதிர்வரப்பில் வேலைக்கு வராத ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு சுற்று ஜோராக ஓடியது. மூன்றாவதில் பின்சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று, மிராசுதாரின் வெள்ளை வேட்டியில் சேற்றை வாரி அடித்து, அச்சு வரைக்கும் புதைந்தது. டிரைவர் முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது.

வரப்பிலிருந்து ஒருத்தி கத்தினாள். அந்தப் பண்ணையில் ஏர் ஓட்டுகிறவரின் மனைவி. "ஏ, இங்க பாருங்கடி, டிராக்டரும் வேலைக்கு வரமாட்டேங்குது! சார், ஒரு கொடி குடுத்துவிடட்டுமா?"

வரப்பு முழுக்கச் சிரித்தது. மிராசுதார் என் பக்கம் திரும்பி, "இதுதான் கூலி கேக்காதா?" என்றார். பேச்சிலிருந்து 'தம்பி' போய்விட்டது.

அந்த ஊரில் வண்டியை வெளியே எடுக்கக்கூடியவர்கள் எதிர்வரப்பில்தான் இருந்தார்கள். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவர்களிடம் போய், "கொஞ்சம் கை குடுங்க" என்றேன்.

ஏர் ஓட்டுகிறவர் கேட்டார்: "எடுத்துவிட்டா அந்த ஒரு படிக்குப் பேசுவாருங்களா? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க சார்."

"பேசுவார். நான் பொறுப்பு."

மிராசுதாரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"யோவ், பேண்டு போட்ட ஆளு பேச்ச நம்பிச் சேத்துல எறங்காத" என்றாள் அவள்.

"சேறு நமக்கென்ன புதுசா?" என்று அவர் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். வைக்கோலும் பலகையும் சக்கரத்துக்கு அடியில் திணித்து, பண்ணைத் தொழுவத்து ஏர் மாடுகளைக் கொண்டுவந்து வடம் கட்டி இழுத்தார்கள். எந்த மாடுகளை ஒழிக்க வந்ததோ, அவைதாம் என் டிராக்டரைக் கரை சேர்த்தன.

அடுத்த மாதம் இரும்புச் சக்கரம் வந்துவிடும், பிறகு புதையாது என்று சொல்லி, முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். பிறகு, "அவங்க கூலி விஷயமா..." என்று இழுத்தேன்.

"அதை நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு."

கிளம்பினேன். பொறுப்பு, பஸ் ஏறும் இடம் வரைக்கும் வந்தது.

ஒரு போல்ட் கேட்டால் ஒரு மாதம் இழுத்தடிக்கும் எங்கள் கிடங்கிலிருந்து, அந்த இரும்புச் சக்கரம் மட்டும் வந்த அன்றே லாரி ஏறியது. நானே நின்று ஏற்றினேன். வாடிக்கையாளர் திருப்திதான் முக்கியம். அதன்பின் அவருடைய வயலில் ஒரு படிப் பேச்சும் இல்லை, ஏர்மாட்டுக்கு வேலையும் இல்லை.

ஆவணியில் ஒரு காரியமாக நன்னிலம் போனபோது, பஸ் நிலையத்தில் அந்த ஏர் ஓட்டுகிறவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். காலடியில் சாக்குமூட்டை, மேலே கவிழ்த்த பானை. அதிராம்பட்டினம் பக்கம் உப்பளத்தில் வேலை கிடைக்கும் என்று கிளம்பியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவள் திரும்பவில்லை.

"சார், அன்னைக்குப் பொறுப்புன்னீங்களே, அது எந்தக் கடையில விக்குது? போற வழியில கொஞ்சம் வாங்கிட்டுப் போறோம்."

மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசி டிராக்டர் விற்கிறவன் நான். அன்று பஸ் பலகையை ஊர் ஊராகப் படித்துக்கொண்டு நின்றேன். திருத்துறைப்பூண்டி வண்டி வந்தது. அவர்கள் மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் அதே ஓட்டல் மாடியில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். விடாமுயற்சி பற்றிப் பேசினேன். மாடுகளைப் பற்றிச் சொல்லவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் மேலாளர் புதுத் தாளை நீட்டி, "அடுத்த வருஷம் எத்தனை?" என்றார்.

பதினைந்து என்று எழுதினேன். கண்ணாடியில் ஒட்ட வசதியாகப் பெரிய எழுத்தில் எழுதினேன்.