காகம் இல்லாத ஊர்

ஆக்லாந்தில் காகம் கிடையாது. சொன்னால் ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் நம்ப மாட்டார்கள். வந்த இரண்டாம் நாள் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அட ஆமாம் என்பார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாவரைக்கும் கல் என்று எல்லாமே ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்துவிட்ட ஊரில் காகத்தை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. எனக்கு அது ஒரு குறையாகப் பட்டதே இல்லை. என் ஒன்பதாவது வயதில்தான் அம்மாவுக்கு ஒரு காகம் அவசரமாகத் தேவைப்பட்டது.

அதற்கு முந்தைய வருஷம் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஊரில் திடீரென்று இறந்துபோனார். எங்கள் பாஸ்போர்ட்டுகள் அப்போது விசாவுக்காகக் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தன. கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அப்பாதான் போக வேண்டாம் என்றார். அம்மா போகவில்லை. சண்டையும் போடவில்லை. அப்பாவிடம் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். வருஷம் திரும்புவதற்குள் அது, சோறு எடுத்து வைத்திருக்கிறது, கேஸ் தீர்ந்துவிட்டது என்ற அளவில் வந்து நின்றிருந்தது.

மாமாவுக்குக் கோபம் வந்தால் சாப்பிட மாட்டாராம். சின்ன வயதில் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாராம். அம்மா கெஞ்சினால்தான் ஒரு வாய் வாங்குவாராம். செத்தவர்கள் காகமாக வந்து படைத்த சோற்றை எடுப்பார்கள், மனக்குறை இருந்தால் தொட மாட்டார்கள் என்பது அம்மா அறிந்த கணக்கு. கடைசியாக முகம் பார்க்க வராத அக்கா மேல் தம்பிக்குக் கோபம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை.

முதல் வருஷத் திதி நெருங்கியபோது கிளென் ஈடனில் இருந்த எங்கள் வீட்டின் பின்வேலியில் அம்மா ஒத்திகை பார்த்தாள். சோறு வைத்தவுடன் மைனாக்கள் கூட்டமாக இறங்கின. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். எந்தப் பறவை எடுத்தாலும் சரிதான் என்று கோயிலில் சொல்லிப் பார்த்தார்கள். என் தம்பி என்ன மைனாவா என்று அம்மா வீட்டுக்கு வந்து கேட்டாள்.

அப்போதுதான் ஒனிஹங்கா அங்கிள் வந்தார். அப்பாவோடு வேலை செய்தவர், ஒனிஹங்காவில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். கூடாரம், தூங்கும் பை, மடக்கு நாற்காலி எல்லாம் காரிலேயே வைத்துக்கொண்டு, விடுமுறை வந்தால் காட்டுக்குள் போய்விடுகிற ஆள். ஈஸ்டருக்கு மேற்குக் கரையில் ஒரு முகாம் திடலைப் பதிவு செய்திருந்தார். அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனாலும் அம்மாவின் கவலையைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

“அக்கா, அந்தக் கடற்கரைக்கு மேல ஒரு பாறை இருக்கு. அங்க கறுப்புப் பறவையள் கனக்க இருக்கும். காகம் இல்லைத்தான். ஆனா நல்ல கறுப்பு.”

குளிரென்றால் ஹாலில்கூட உட்காராத என் அம்மா, கூடாரத்தில் படுக்கச் சம்மதித்தது இப்படித்தான். அப்பா நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கறுப்பு மணல், அதற்குப் பின்னால் புல்வெளி, அதை மூன்று பக்கமும் நெருக்கிக்கொண்டு காடு. இந்த நாட்டுக் காட்டில் பாம்பு இல்லை, புலி இல்லை, பயப்படவே ஒன்றும் இல்லை என்று அங்கிள் அடித்துச் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மரங்களுக்குள்ளிருந்து யாரோ கிழவர் மூச்சு முட்டிச் சிரிப்பதுபோல் ஒரு சத்தம். போசம் என்றார் அங்கிள். பூனை அளவு மிருகம்தானாம். ஒண்ணுமே இல்லாத காடு எதுக்கு இப்படிச் சத்தம் போடுது என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கு அதற்கப்புறம் கழிப்பறைக்குப் போகக்கூடப் பயம்.

மறுநாள் திதி. அம்மா குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு, கேஸ் அடுப்பில் சமைத்தாள். சோறு, பருப்பு, மாமாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் நடந்தார். அவருக்குக் கருவாடு ஆகாது. வீட்டில் அது கொதிக்கிற நாளில் அவர் காருக்குள் உட்கார்ந்து தினசரி படிப்பார்.

அங்கிளும் அவர் மனைவி ஆன்ட்டியும் கூடாரத்தில் இருந்துகொண்டார்கள். சமைத்ததை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். மரங்களைக் கொல்லும் ஏதோ ஒரு நோய் காலோடு போகாமலிருக்க, பாதை தொடங்கும் இடத்தில் காலணியைத் தேய்த்து மருந்துத் தண்ணீர் அடித்துக்கொள்ள வேண்டும். அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் ஷூவை மிக மிகச் சிரத்தையாகத் தேய்த்தாள். எழவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கால் கழுவுவார்களே, அந்தச் சிரத்தை.

ஏற ஏறக் காடு இருட்டிக்கொண்டு வந்தது. மரப் பெரணிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு சின்னப் பறவை வாலை விசிறிபோல் விரித்துக்கொண்டு, எங்கள் முகத்துக்கு முன்னாலேயே பறந்து பறந்து கூட வந்தது. அம்மா அதைக் கவனித்துக்கொண்டே நடந்தாள்.

அங்கிள் சொன்ன பாறை வந்தது. கீழே, கடலை ஒட்டிய கற்களில், கரிய பறவைகள் ஈரத்துணி காயப்போட்டதுபோல் சிறகை விரித்து அசையாமல் நின்றன. அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நியூ லின் கடையில் வாங்கி வந்த, ஐஸில் கிடந்து கறுத்த வாழையிலையை விரித்துப் பரிமாறினாள். பிறகு கடலைப் பார்த்து நின்று கூப்பிட்டாள்.

“கா… கா… கா…”

பறவைகள் ஒன்றாக எழுந்து கடலுக்குள் போயின. திரும்பவில்லை. கடலிலிருந்து பனிமூட்டம் மட்டும் மேலே ஏறி வந்தது.

ஆள் நின்றால் வராது என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பாதையில் கொஞ்சம் கீழே வந்து, பாறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அப்பா வேறு பக்கம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு எட்டு வைப்பதற்குள் பனி அவரை மூடிவிட்டது. அம்மா உட்கார்ந்தபடியே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பனிக்குள் அந்தக் குரல் ஒரு தடவை காட்டுக்குள்ளிருந்து வந்தது, ஒரு தடவை எங்களுக்குக் கீழேயிருந்து வந்தது. பக்கத்தில் இருப்பது அம்மாதானா என்று எனக்கே சந்தேகம் வந்து, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். மலையிலிருந்து இறங்கி வந்த வெள்ளைக்காரத் தம்பதி எங்களைக் கண்டதும் நடையை எட்டிப் போட்டார்கள். அம்மாவின் தொண்டை கம்மிக்கொண்டே வந்தது. “வாடா, ஒரு வாய் எடுத்துக்கடா” என்று கடைசியில் கெஞ்சத் தொடங்கிவிட்டாள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். நான் பார்த்துவிட்டேன்.

பனி ஒரு கணம் விலகியிருந்தது. பாறையின்மேல் கறுப்பாக ஒன்று குந்தியிருந்தது. பறவை இல்லை, ஆள் உயரம். தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு, முகம் தெரியவில்லை. தலை இலைவரை குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. ஒவ்வொரு முறையும் அதன் தோள்கள் குலுங்கின. அப்புறம் பனி மூடிக்கொண்டது.

வீட்டில் எது கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள் நான். அன்று தமிழ்தான் வந்தது.

“அம்மா, மாமா வந்திருக்காங்க.”

அம்மா திரும்பவில்லை. என் கையை வலிக்கும்படி பிடித்தாள். “சாப்டறானா?”

“ஆமா.”

“கோவமா இருக்கானா?”

“இல்ல. அழுதுகிட்டே சாப்டறாங்க.”

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது என்று எனக்குத் தெரியவில்லை. பனியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் அதிகம் பயந்தேன்.

நாங்கள் மேலே போனபோது பாறையில் யாரும் இல்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. விருந்து சாப்பிட்டு எழுகிறவர்கள் செய்வதுபோல், மேல்பாதியைக் கீழ்ப்பாதிமேல் பதவிசாக மடித்து வைத்திருந்தது. மாமா எவ்வளவு மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். பறவை இலையை மடிக்காது என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கிளிடம் இரவல் வாங்கி அப்பா போட்டுக்கொண்டு வந்த மழைக்கோட்டு கறுப்பு என்பதும், கருவாட்டைக் கட்டாயப்படுத்தி விழுங்குகிறவருக்கும் தோள் குலுங்கும் என்பதும் தோன்றவில்லை. அம்மா அந்த இலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அப்பா பாதையின் வேறொரு வளைவிலிருந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“என்ன, வந்துச்சா?”

“வந்துச்சு,” என்றாள் அம்மா. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். இறங்கும்போது வழுக்கும் இடங்களில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

திடலில் ஆன்ட்டி எல்லோருக்கும் தட்டு வைத்துக் காத்திருந்தார். எனக்குப் போட்டார், அம்மாவுக்குப் போட்டார். அப்பாவின் தட்டுக்குக் கரண்டி போனபோது அம்மா குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

“வேணாம்ங்க. அவர் சாப்ட்டாச்சு.”

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்காமல் மலை ஏறி இறங்கிய மனுஷனை, அத்தனை பேர் முன்னால் பட்டினி போடுகிறாளே என்று எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு ஆத்திரம். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.